லேட்டா வந்தாலும் ‘கரெக்ட் டைம்’தான் பாஸ்!

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு...” இந்தக் குரலைக் கேட்டதும் வயித்துல புளியைக் கரைக்காத காலேஜ் ஸ்டூடண்ட் யாராவது உண்டா? செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்புற நாள்னா ‘லேட்டா வரட்டும்... இன்னும் லேட்டா வரட்டும்’னு பெஞ்ச்ல ஜாலியா சாய்ஞ்சுக்கலாம். ஆனா, ஒன்பதரைக்கு எக்ஸாம் ஹாலில் இருக்கணும், பத்து மணிக்கு இன்டர்வியூ என்கிற நாளில்? பிளாட்பாரத்து கடிகாரத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பி.பி. எகிறும்!

அப்படி உங்களைக் கதறவிட்டு ஒரு மணி நேரம் லேட்டா வந்த அதே ரயில், ரயில்வேயின் கணக்கில் ‘சரியான நேரத்துக்கு வந்த ரயில்’ என்று பதிவாகியிருக்கலாம். சும்மா கலாய்க்கலை பாஸ். நிஜமாவே அப்படித்தான் கணக்கு! யாரும் பொய் சொல்லலை, யாரும் ஏமாத்தலை. ஆனாலும் உங்க ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். எப்படின்னு பார்ப்போமா?

கடைசி பெஞ்ச் கணக்கு!

ஒரு ரயில் லேட்டா, இல்லையா என்று சொல்ல ரெண்டு விஷயம் முடிவாகணும். ஒண்ணு, எந்த ஸ்டேஷனில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பது? ரெண்டு, எத்தனை நிமிஷம் வரைக்கும் ‘போனா போகுது’ என்று விடுவது?

நம்ம இந்திய ரயில்வேயில் பல வருஷமாக இருந்துவந்த வழக்கம் இது: ரயில் போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷனில் மட்டும் பார்ப்பார்கள். அங்கே 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அது ‘பங்க்சுவல்’. நம்ம கிளாஸ் அட்டெண்டன்ஸ்கூட இவ்வளவு தாராளம் கிடையாது! இதைச் சுட்டிக்காட்டியது வேறு யாரும் இல்லை, மத்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.தான். 2008 முதல் 2019 வரையிலான காலத்தை அலசி, 2022ல் வெளிவந்த அறிக்கையில் ‘கடைசி ஸ்டேஷனில் மட்டும் பார்த்தால் எப்படி?’ என்று கிடுக்கிப்பிடி போட்டிருந்தார்கள்.

இதில் என்ன பிரச்னை என்கிறீர்களா? ஒரு கற்பனை ரயிலை ஓட்டிப் பார்ப்போம். நம்ம எக்ஸ்பிரஸ் ராத்திரி சென்னையில் கிளம்பி நாகர்கோவில் போகிறது. விழுப்புரத்தில் 20 நிமிஷம் லேட். திருச்சியில் 50. மதுரையில் 55. திருநெல்வேலியில் 40. கடைசியாக நாகர்கோவிலில் 12 நிமிஷம் லேட். ரிசல்ட்? ‘ரயில் சரியான நேரத்துக்கு வந்தது!’

ஏறின ஆயிரம் பேரில் 800 பேர் வழியிலேயே இறங்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அந்த 800 பேரும் லேட். ஆனா ரிப்போர்ட்டில் அவங்க இல்லவே இல்லை. இன்டர்னல்ல எல்லாத்துலயும் கோட்டை விட்டுட்டு, கடைசி மாடல் எக்ஸாம் மார்க்கை மட்டும் வீட்ல காட்டுற டெக்னிக் மாதிரிதான்!

காணாமல் போன 28 நிமிஷம்!

‘இருங்க பாஸ்... திருநெல்வேலியில் 40 நிமிஷம் லேட்டான ரயில், நாகர்கோவில் போறதுக்குள்ள எப்படி 28 நிமிஷத்தைப் பிடிச்சது? பறந்துச்சா?’ என்று கேட்கிறீர்களா? வெரிகுட். அங்கேதான் இருக்கு சூட்சுமம்.

டைம் டேபிள் போடும்போதே சில இடங்களில் கொஞ்சம் எக்ஸ்ட்ரா நிமிஷங்களைச் செருகிவைப்பார்கள். ‘ரெக்கவரி டைம்’ என்பார்கள். இதை மோசடின்னு சொல்ல முடியாது. ரொம்பவே அவசியமான விஷயம். தண்டவாள வேலை நடக்கிற இடத்தில் மெதுவாகப் போகணும். சிங்கிள் லைனில் எதிரே வர்ற வண்டிக்காக கிராசிங்கில் நிக்கணும். பெரிய ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியாகிற வரை அவுட்டரில் காத்திருக்கணும். இதுக்கெல்லாம் இடம் விடாமல் டைம் டேபிள் போட்டால், ஒரு சின்னச் சிக்கல்கூட நாள் முழுக்க ஓடும் ரயில்களைக் கவிழ்த்துவிடும்.

ஆனா அந்த எக்ஸ்ட்ரா நிமிஷங்களை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கு. மார்க் கடைசி ஸ்டேஷனில் மட்டும்தான் என்றால், கைவசம் இருக்கிற நிமிஷத்தை எல்லாம் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடி கொட்டிவைக்கத்தானே தோணும்?

நம்ப மாட்டீங்களா? உங்க ஊர் வழியாப் போற ஒரு ரயிலை எடுத்துக்குங்க. கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரை எத்தனை நிமிஷம் போட்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் அதே ரயில் திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு எத்தனை நிமிஷம்னு பாருங்க. அதே தண்டவாளம், அதே தூரம். போகும்போது முக்கால் மணி, வரும்போது இருபது நிமிஷம் மாதிரி வித்தியாசம் கண்ணில் பட்டால், எக்ஸ்ட்ரா நிமிஷம் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்க!

பேனா சொன்ன நேரம்... மெஷின் சொன்ன நேரம்!

எங்கே அளப்பது என்பது ஒரு பக்கம். யார் அளப்பது? ரொம்ப காலமாக ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதி, கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வார். மனுஷன் எழுதுறதுதானே... ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். தன் டிவிஷனின் பேர் கெடக் கூடாதே என்ற அக்கறையும் பேனாவைக் கொஞ்சம் வளைக்கும்.

2018ல் இந்த வேலை ‘டேட்டா லாகர்’ கைக்கு மாறியது. சிக்னலும் தண்டவாள சர்க்யூட்டும் வேலை செய்வதை வினாடியோடு தானாகப் பதிவுசெய்கிற மெஷின் இது. ரயில் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்பதை அது கூட்டியும் சொல்லாது, குறைச்சும் சொல்லாது.

அதே நேரத்தில் என்ன ஆச்சு தெரியுமா? 2016-17ல் 76.69 சதவிகிதமாக இருந்த மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ‘கரெக்ட் டைம்’ கணக்கு, 2017-18ல் 71.39 சதவிகிதமாகச் சரிந்தது. அந்த வருஷங்களில் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளும் ஏகத்துக்கு நடந்தன. அதனால் ரயில்கள் நிஜமாகவே தாமதமானதும் உண்டு. ஆனால், கையால் எழுதுவதிலிருந்து மெஷினுக்கு மாறியதும் சரிவுக்கு ஒரு காரணம் என்று ரயில்வே தரப்பே சொன்னது. பழைய ஸ்கேலைத் தூக்கிப் போட்டுட்டு புது ஸ்கேலில் அளந்தால், அதே ஆள் ஒரு இன்ச் குறையுற மாதிரி!

சி.ஏ.ஜி. அறிக்கை இன்னும் நீளமான கோட்டைப் போட்டது. 2012-13ல் 79 சதவிகிதம், 2018-19ல் 69.23 சதவிகிதம். இத்தனைக்கும் 2008 முதல் 2019 வரை ரயில்வே உள்கட்டமைப்பில் போட்ட பணம் 2.5 லட்சம் கோடி ரூபாய்!

இப்போது இன்ஜின்களிலேயே ஒரு கருவி உட்காருகிறது. இஸ்ரோ உதவியோடு உருவான இந்த ஏற்பாட்டில், சாட்டிலைட் மூலம் ரயில் இருக்கும் இடம் 30 வினாடிக்கு ஒரு தடவை அப்டேட் ஆகும். மொபைலில் ‘என் ரயில் எங்கே?’ என்று தேடும்போது ஓரளவு உருப்படியான பதில் கிடைப்பதற்கு இதுவும் காரணம்.

நூத்துக்கு நூறு!

இந்திய ரயில்வே ஒரே நாளில் 100 சதவிகிதம் வாங்கிய கதை தெரியுமா? 2020 ஜூலை 1. அன்று ஓடிய எல்லா பயணிகள் ரயிலும் கரெக்ட் டைம்! அதற்கு முந்தைய பெஸ்ட், ஒரே வாரத்துக்கு முன்னாடி, ஜூன் 23ல் 99.54 சதவிகிதம். அன்று ஒரே ஒரு ரயில்தான் லேட்.

கை தட்டுறதுக்கு முன்னாடி தேதியை இன்னொரு தடவை பாருங்க. கொரோனா காலம்! அன்று ஓடியவை 201 ரயில்கள்தான். வழக்கமாக ஆயிரக்கணக்கில் ஓடும் ரயில்களில் பெரும்பாலானவை யார்டில் தூங்கிக்கொண்டிருந்தன. தண்டவாளம் காலி, கிராசிங் தொல்லை கம்மி, முன்னால் போகிற வண்டியும் இல்லை.

காமெடியாத் தெரிஞ்சாலும் இதுக்குள்ள ஒரு பெரிய உண்மை இருக்கு. நம்ம ரயில்கள் லேட்டாவதற்கு டிரைவரின் சோம்பேறித்தனமோ, கார்டின் அலட்சியமோ முதல் காரணம் கிடையாது. ஒரே தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், கூட்ஸ் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா முட்டி நிற்பதுதான் பெரிய காரணம். ஒரு ரயில் பத்து நிமிஷம் நின்றால், அதன் பின்னால் வரும் அத்தனை ரயில்களும் நிற்கும். அப்படியே டோமினோ மாதிரி!

அப்புறம் பாஸ், ‘ஃப்ரெண்ட் இன்னும் ஏறலை’ன்னு செயினைப் பிடிச்சு இழுக்கிற ஹீரோக்களே... உங்களுக்காக நிக்கிறது ஒரு ரயில் மட்டும் இல்லை. தகுந்த காரணம் இல்லாமல் செயினை இழுத்தால் ரயில்வே சட்டம் 141-வது பிரிவுப்படி ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே கிடைக்கலாம்!

ஊருக்கு ஊர் ஒரு ஸ்கேல்!

‘வெளிநாட்டில் எல்லாம் டாண்ணு வந்துடும்பா’ என்று பெருமூச்சு விடுகிற ஆசாமிகளுக்கு ஒரு ரவுண்டு டிரிப்.

ஜெர்மனி: இங்கே 6 நிமிஷத்துக்குக் கீழே லேட் என்றால் அது லேட்டே இல்லை. இந்தத் தாராளத்துக்குப் பிறகும் 2024ல் நெடுந்தூர ரயில்களின் ஸ்கோர் 62.5 சதவிகிதம்தான்! கேன்சலான ரயில் இந்தக் கணக்கில் சேராது. இதனால் ஒரு குறுக்குவழி பிறந்தது. ரொம்ப லேட்டான ரயிலை கடைசி ஊர் வரை விடாமல் பாதியிலேயே திருப்பிவிட்டால், திரும்பும் பயணம் கரெக்ட் டைமுக்குக் கிளம்பும். விட்டுப்போன ஸ்டேஷன்கள் கணக்கிலும் வராது. அந்த ஸ்டேஷன்களில் காத்திருந்தவன் கதி? அதோகதி! ரயில்வே நிர்வாகத்தில் இருந்த ரொனால்ட் போஃபாலா பெயரை வைத்து, ‘போஃபாலா திருப்பம்’ என்று இதைக் கிண்டலடிக்கிறார்கள் ஜெர்மானியர்கள்.

சுவிட்சர்லாந்து: 3 நிமிஷம்தான் சலுகை. அதைவிட சூப்பர் விஷயம், இவர்கள் ரயிலை எண்ணுவதில்லை, ஆளை எண்ணுகிறார்கள். எத்தனை பயணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே கணக்கு. 2024ல் 93.2 சதவிகிதம். ஜெர்மனியிலிருந்து ரொம்ப லேட்டாக வரும் ரயில்களை, எல்லையில் இருக்கும் பாசெல் நகரோடு நிறுத்தி, மேற்கொண்டு தங்கள் சொந்த ரயிலில் ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். ‘உன் லேட்டை என் ஊருக்குள் கொண்டுவராதே’ பாலிசி!

பிரிட்டன்: இங்கேயும் முன்பு கடைசி ஸ்டேஷன் கணக்குதான். பக்கத்து ஊர் ரயிலுக்கு 5 நிமிஷம், தூரத்து ரயிலுக்கு 10 நிமிஷம் சலுகை. 2019 ஏப்ரலில் இருந்து, நேரம் பதிவாகும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிமிஷத்துக்குள் வந்ததா என்று பார்க்கும் ‘ஆன் டைம்’ கணக்கைப் பிரதானமாக்கினார்கள்.

அமெரிக்கா: ஆம்டிராக் ரயிலுக்கு 2020ல் வந்த விதிப்படி, ஒவ்வொரு பயணியும் தான் இறங்கும் ஸ்டேஷனுக்கு 15 நிமிஷத்துக்குள் வந்தாரா என்று பார்க்கணும்.

ஆளை எண்ணுவதற்கும் ரயிலை எண்ணுவதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? சின்னக் கணக்கு. 20 பேர் போன ரயில் கரெக்ட் டைம், 1,500 பேர் போன ரயில் லேட். ரயிலை எண்ணினால் 50 சதவிகிதம் பாஸ். ஆளை எண்ணினால் 1,520 பேரில் 20 பேர்தான் பாஸ். அதாவது 1.3 சதவிகிதம்!

அதனால நம்ம 69-ஐயும் ஜெர்மனியின் 62.5-ஐயும் பக்கத்துல வெச்சு ‘நாமதான் கெத்து’ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. நம்ம ஸ்கேலில் 15 நிமிஷம், அவங்க ஸ்கேலில் 6 நிமிஷம்!

பெட்டிச் செய்தி: இந்தியாவுக்கே மெட்ராஸ் டைம்!

இந்தியா முழுக்க ஒரே நேரம் என்பது 1906 ஜனவரி 1ல் வந்த ஏற்பாடு. அதுக்கு முன்னாடி பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்தால் டைம் டேபிள் எப்படிப் போடுவது? மண்டையைப் பிச்சுக்கொண்ட ரயில்வே, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘மெட்ராஸ் டைமை’ பிடித்துக்கொண்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் ரெண்டு பக்கமும் சண்டை கம்மி! 1792ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானியல் ஆய்வுக்கூடத்தின் நேரம் அது. ரயில் லேட்டா இல்லையா என்று நாடே சொல்ல, ஒரு காலத்தில் நம்ம சென்னை கடிகாரம்தான் ஆதாரம்!

வினாடி கேட்ட விலை!

ஜப்பானைச் சொல்லாமல் விட முடியுமா? 2017 நவம்பர் 14ல், டோக்கியோ பக்கத்தில் மினாமி-நகரேயாமா ஸ்டேஷனில் இருந்து ஒரு ரயில் 9 மணி 44 நிமிஷம் 40 வினாடிக்குக் கிளம்பணும். 20 வினாடி முன்னாடியே கிளம்பிவிட்டது. ரயில் கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது! அங்கே ரயில் லேட்டானால், காலேஜிலும் ஆபீஸிலும் காட்டுவதற்கு ‘ரயில் தாமதச் சான்றிதழ்’ தருகிறார்கள். நமக்குக் கிடைச்சா அட்டெண்டன்ஸ் பிரச்னையே தீர்ந்துடும்ல!

ஆனா இந்த வினாடிக் கணக்குக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2005 ஏப்ரல் 25. ஒஸாகா அருகே அமகாசாகியில், 23 வயது டிரைவர் ஓட்டிவந்த ரயில் ஒரு ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் வந்து ஆட்களை ஏற்றியதில் ஒன்றரை நிமிஷம் போல லேட். 70 கி.மீ. வேகத்தில் போகவேண்டிய வளைவில் ரயில் 116 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. டிரைவரோடு சேர்த்து 107 பேர் பலி. 562 பேருக்குக் காயம்.

தவறு செய்யும் டிரைவர்களை ‘மறு பயிற்சி’ என்ற பெயரில் அந்த கம்பெனி அவமானப்படுத்தி வந்ததும், அந்தப் பயமும் விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தன. லேட்டை அளப்பது எதற்கு? எங்கே சிக்கல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய. அதையே ஒரு தனி மனுஷனின் கழுத்தில் கத்தியாக வைத்தால், சில இடங்களில் பேனா வளையும்... சில இடங்களில் உயிர் போகும்.

இதெல்லாம் எனக்கு எதுக்கு?

இருக்கு பாஸ், உங்களுக்கும் நாலு மேட்டர் இருக்கு.

ஒண்ணு: நீங்க ஏறுற ஸ்டேஷனில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் லேட்டா? பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட் என்றால், ரயில் உங்க ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன்னாடியே ‘டி.டி.ஆர்.’ பதிவுசெய்யணும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? பணத்தைத் திருப்பித் தர மட்டும் ‘உங்க ஸ்டேஷன்’ கடிகாரம் செல்லும்!

ரெண்டு: ரயில் லேட்டானதால் நஷ்டம் என்றால் நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். 2016ல் ஜம்முவுக்கு 4 மணி நேரம் லேட்டாகப் போன ரயிலால் ஃப்ளைட்டைத் தவறவிட்ட ஒரு பயணியின் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. ‘தாமதத்துக்குத் தகுந்த காரணத்தைக் காட்டவேண்டியது ரயில்வேயின் பொறுப்பு. காட்டாவிட்டால் நஷ்டஈடு தரணும்’ என்று 2021ல் தீர்ப்பு வந்தது.

மூணு: தினமும் ரயிலில் காலேஜ் போறவரா? பத்து நாள், உங்க ஸ்டேஷனுக்கு ரயில் வரும் நேரத்தை நோட் பண்ணுங்க. சராசரியை மட்டும் நம்பாதீங்க. ஒன்பது நாள் 5 நிமிஷம் லேட், ஒரே ஒரு நாள் 2 மணி நேரம் லேட் என்றால் சராசரி பதினாறரை நிமிஷம்தான் வரும். அதை நம்பி இருபது நிமிஷம் முன்கூட்டிக் கிளம்பினால், அந்தப் பத்தாவது நாள் உங்க எக்ஸாம் நாளாக இருந்தால் அம்பேல்! முக்கியமான நாளுக்கு பிளான் போடும்போது மோசமான நாளைக் கணக்கில் எடுங்க. முந்தின ரயிலையே பிடிச்சுடுங்க.

நாலு: ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிக்கிறவங்க மினி புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காம அலையுறீங்களா? நாலு ஸ்டேஷன், நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு மாசம். ரயில் எந்த ஸ்டேஷனில் நிமிஷத்தை இழக்குது, எங்கே மீட்குதுன்னு ஒரு கிராஃப் போட்டால், ஹெச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்ப்பார்!

எதை அளக்கிறோமோ, அதுதான் சரியாகும். கடைசி ஸ்டேஷனை மட்டும் அளந்தால் கடைசி ஸ்டேஷன் மட்டும்தான் சரியாகும். நடுவில் இறங்குகிற உங்க ஊருக்கும் ஒரு கடிகாரம் வேணும் என்று கேட்கும் உரிமை டிக்கெட் எடுத்த ஒவ்வொருத்தருக்கும் இருக்கு. அதனால, ‘இந்த வருஷம் இத்தனை சதவிகிதம் ரயில்கள் கரெக்ட் டைம்’ என்று இனி எங்காவது படிச்சீங்கன்னா, பட்டுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க...

“எந்த ஸ்டேஷன்ல பாஸ்?”